சாணைக்கு ஒரு மேல்வாய்

பல் செட் செய்யும் அந்தக் கூடத்தில் ஐந்து நாற்காலிகள் இருந்தன. ஒன்றோ இரண்டோ எப்போதும் காலியாகவே கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் இரண்டு மாதம், மிஞ்சிப்போனால் ஆறு மாதம் தாக்குப்பிடிப்பார்கள். பிறகு ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் போன ஆள் திரும்பி வரமாட்டார். முதலாளி பெருமூச்சு விட்டுவிட்டு, ‘ஆட்கள் தேவை’ அட்டையைத் தூசி தட்டி மறுபடியும் வாசலில் தொங்கவிடுவார்.

காரணம், ஜன்னலோரம் பாலிஷ் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த மனிதர். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவர் சாணை. வெந்து இறுகி வந்த பல் செட்டைச் சுழலும் தூரிகையில் பிடித்துப் பளபளப்பாக்குவது அவர் வேலை. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் எந்திரம் நின்ற பிறகும் அவர் வாய் நிற்காது. அடுத்தவர் நடை, உடை, சாப்பிடும் சத்தம், பிள்ளைகளின் படிப்பு என்று எது கையில் கிடைத்தாலும் அதைக் கூர் தீட்டி, யாருக்கு எங்கே குத்தினால் வலிக்குமோ அங்கே குத்திவிட்டுத்தான் ஓய்வார். குத்தியதோடு விடவும் மாட்டார். இன்னார் ஐந்து நிமிடம் தாமதம், இன்னார் கழிப்பறையில் நின்று போன் பேசினார், இன்னார் பிளாஸ்டரைச் சிந்தினார் என்று கோடு போட்ட தாளில் முத்து முத்தாக எழுதி முதலாளி மேசையில் வைத்துவிட்டு வருவார்.

அவருக்கு நேர் எதிரே பதினொரு வருஷமாக உட்கார்ந்திருந்தவள் மெழுகக்கா. மெழுகை உருக்கி, ஈறு போல வடித்து, அதில் பற்களை ஒவ்வொன்றாக நடுவது அவள் வேலை. கணவன் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகள். அந்த மனிதருக்கு எதிரே எப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டவர்களிடம், பழகிவிட்டது என்பாள். உண்மை அதுவல்ல. சகிக்க முடியாதவர்களைச் சகிப்பதும், தீங்கு செய்கிறவனுக்கு இரக்கம் காட்டுவதும் கிறிஸ்தவளின் கடமை என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் அவள். கேட்டதை நம்பினாள். காலையில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடி அவருக்காக ஒரு சின்ன ஜெபம் செய்வாள். கூடத்துக்குள் நுழைந்ததும் “வணக்கம் அண்ணே” என்பாள். அவர் பதிலுக்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்.

ஒரு தடவை அவரே எந்திரத்தில் அதிக நேரம் பிடித்து, சூட்டில் ஒரு செட் வளைந்துபோயிற்று. மெழுகிலேயே கோணல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். முதலாளி அவளைக் கூப்பிட்டுக் கேட்டபோது, “இனிமே பார்த்துச் செய்யறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் வாதாடாதது சாணைக்கு ஏமாற்றம்.

“பல்லு செய்யுற இடத்துல உட்கார்ந்துகிட்டு இப்படிப் பல்லைக் கடிச்சுக்கிட்டே இருந்தா, கடைசில உனக்கே ஒரு செட் செய்ய வேண்டி வரும். அதை உங்க சாமியே பாலிஷ் போட்டுக் குடுப்பாரா?”

கூடமே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள்.

சபையில் பெண்கள் கூடும்போது பொறுமையைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருத்தி அவளைக் காட்டுவாள். அப்போது தலையைக் குனிந்துகொள்வாள். குனிந்த முகத்தில் ஒரு சந்தோஷம் ஓடும். அது ஓடுவது அவளுக்கே தெரியும். அதற்காகத் தனியாக மன்னிப்பும் கேட்டிருக்கிறாள். ஆனால் வீட்டில் நடப்பது சபைக்குத் தெரியாது. பகல் முழுக்க விழுங்கிய வார்த்தைகள் எல்லாம் சாயங்காலம் மகள் தலையில் இறங்கும். செருப்பு குறுக்கே கிடந்தாலும் போச்சு, குழாய் சொட்டினாலும் போச்சு. மகள் ஒரு நாள் கையைக் கழுவிக்கொண்டே அமைதியாகச் சொன்னாள்: “அந்த ஆளுக்குக் குடுக்கிற பொறுமையில ஒரு கரண்டி எனக்கும் மிச்சம் வச்சிட்டு வாம்மா.”

அந்த வருஷம் மழைக்காலத்தில் சாணையின் பேச்சு குறைய ஆரம்பித்தது. நல்லகாலம் பிறந்துவிட்டது என்று கூடத்தில் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். பிறகுதான் தெரிந்தது, மேல்வாயில் புற்றுப் புண். ஊர்ப்பட்ட பேரின் குற்றத்தைத் தாளில் எழுதியவர், தன் புண்ணைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடாமல் ஏழெட்டு மாதம் வைத்திருந்திருக்கிறார். மருத்துவமனையில் மேல் தாடையில் ஒரு பக்கத்தையும், அண்ணத்தில் பாதியையும், அதிலிருந்த பற்களோடு எடுத்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். கன்னம் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. வாய்க்கும் மூக்குக்கும் நடுவே இருந்த கூரை போய்விட்டதால், பேசினால் காற்று முழுக்க மூக்கு வழியே போய், வார்த்தை ஒரு ஊளையாகத்தான் வெளியே வந்தது. தண்ணீர் குடித்தால் மூக்கில் வழிந்தது. அந்த ஓட்டையை அடைக்க மருத்துவமனையில் தற்காலிகமாக வைத்துக் கொடுத்த தட்டு இரண்டே வாரத்தில் ஆடிப்போயிருந்தது. நிரந்தரமான தட்டுக்குப் பதிவு செய்துவிட்டு ஐந்து மாதம் காத்திருக்க வேண்டுமாம்.

கூடத்தில் யாரோ ரேடியோ கொண்டு வந்து வைத்தார்கள். ‘ஆட்கள் தேவை’ அட்டை அலமாரிக்குள் போயிற்று. ஐந்து நாற்காலியிலும் ஆள் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் பிள்ளைகளின் படம் காட்டிக்கொண்டார்கள். சாணை ஜன்னலோரம் முதுகைக் காட்டியபடி தூரிகையில் செட்டைப் பிடித்துக்கொண்டிருப்பார். மதியம் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், சுவரைப் பார்த்தபடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கரைத்த சாப்பாட்டைக் கரண்டி கரண்டியாக இறக்குவார். கையில் ஒரு துணி. ஒவ்வொரு கரண்டிக்கும் மூக்கைத் துடைக்க வேண்டும்.

இதை மெழுகக்கா முதல் நாளே பார்த்துவிட்டாள். அந்தத் தட்டைத் தங்கள் கூடத்திலேயே செய்துவிடலாம் என்பதும் அவளுக்கு முதல் நாளே தெரியும். மேல்வாய்க்கு அச்செடுத்து வந்தால் போதும். ஓட்டையை அடைக்கும் குமிழோடு ஒரு தட்டும், அதில் நாலைந்து பற்களும். ஆனால் மூன்று வாரம் அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த அமைதி அவளுக்கும் தேவையாக இருந்தது. சாயங்காலம் மகளோடு சிரித்துப் பேசினாள். இது கர்த்தரே கொடுத்த ஓய்வாக இருக்குமோ என்றுகூட ஒரு நாள் நினைத்துவிட்டாள். நினைத்த மாத்திரத்தில் உடம்பு கூசிற்று. அடுத்த நாள் பின்கட்டில் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பாதிச் சாப்பாட்டைச் சாக்கடையில் கொட்டுவதைப் பார்த்தாள். நேரே முதலாளியிடம் போனாள்.

முதலாளி இளைஞர், சண்டை சச்சரவுக்குப் பயந்தவர். “பார்க்கலாம் அக்கா” என்றார். செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. சொந்த வேலை எதையும் கூடத்துப் பொருளில் செய்யக்கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்தது. போன வருஷம்தான், பிளாஸ்டர் ஊற்றுகிறவர் தன் மாமியாருக்கு ஒரு செட் செய்தார் என்பதற்காக வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். காட்டிக்கொடுத்தது சாணை. மெழுகக்கா அதை நினைக்காமல் இல்லை. பார்க்கலாம் என்றதை, சரி என்று எடுத்துக்கொண்டாள்.

கூடத்துக்கு வேலை அனுப்பும் பல் டாக்டர் ஒருவர் இரக்கப்பட்டு, சாணையைத் தானே கூப்பிட்டு அச்செடுத்துக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்பது நாள் உட்கார்ந்து அவள் அந்தத் தட்டைச் செய்தாள். அப்படி ஒரு மேல்வாயை அவள் அதுவரை தொட்டதில்லை. பிளாஸ்டர் அச்சில், பல் வரிசை இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் நுழையும் பள்ளம். மெழுகை அதில் வார்த்து, அழுத்தி, எடுத்து, சுரண்டி, மறுபடி வார்த்தாள். குமிழ் பெரிதானால் புண்ணில் உரசும், சிறிதானால் தண்ணீர் கசியும். மிச்சமிருந்த பற்களின் மஞ்சளுக்குப் பொருந்துகிற பற்களாகப் பெட்டியில் தேடித் தேடி எடுத்தாள். பத்தாம் நாள், அவர் மருத்துவமனைக்குப் போயிருந்த வேளையில், அவருடைய எந்திரத்தின் முன் உட்கார்ந்து அவளே பாலிஷும் போட்டாள்.

டாக்டர் அறையில் தட்டைப் பொருத்தினார்கள். சாணை வாயை மூடினார். விழுங்கிப் பார்த்தார். டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். அவர் துணியை மூக்கருகே தயாராக வைத்துக்கொண்டு குடித்தார். தண்ணீர் போக வேண்டிய வழியில் போயிற்று. டம்ளரை இறக்கி, அதற்குள்ளேயே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, மூன்று மாதத்தில் முதல் தடவையாக எல்லாருக்கும் புரியும்படி பேசினார்.

“இடது பக்கம் பாலிஷ் பத்தலை.”

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். மெழுகக்காவும் சிரித்தாள். அவரோடு இருந்த இத்தனை வருஷத்தில் அவள் மனசாரச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அதன்பின் சாணை விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். மூன்று மாத நிலுவையும் சேர்ந்து வந்தது. ரேடியோ அலமாரிக்குள் போயிற்று, அட்டை வெளியே வந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் அழுது வீங்கிய கண்ணோடு கைப்பையை எடுத்துக்கொண்டு போகும்போது மெழுகக்காவிடம் நின்றாள். “இதை நீங்கதானே அக்கா செஞ்சு குடுத்தீங்க?” என்று கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரல் அல்ல. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

இரண்டாவது மாதம் முதலாளி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் கோடு போட்ட தாள். செட் வார்க்கும் கூடத்துத் தூளும், கூடத்துப் பற்களும், கூடத்து எரிவாயுவும் எடுத்து வெளி வேலை செய்யப்பட்டதாகத் தேதி வாரியாக எழுதியிருந்தது. அந்த வெளி வேலை எழுதியவர் வாய்க்குள்ளேயே இருந்தது. முதலாளி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. போன வருஷம் அனுப்பிய ஆள் ஏற்கனவே வழக்குப் போட்டிருக்கிறார், உங்களை விட்டுவைத்தால் அதைச் சொல்லியே அவர் ஜெயித்துவிடுவார், அனுமதி கொடுத்ததாக நான் எழுதிக் கொடுக்கவும் முடியாது என்று சுற்றி வளைத்துச் சொன்னார். அவள் நின்று கேட்டுக்கொண்டாள். பிறகு போய்த் தன் மெழுகுக் கத்திகளைத் துடைத்துத் துணியில் சுருட்டினாள்.

அதுவரை அவரிடம் ஒரு கேள்வியும் கேட்டறியாதவள், அன்று அவர் மேசை முன்னால் போய் நின்றாள்.

“ஏன் அண்ணே?”

சாணை எந்திரத்தை நிறுத்தினார். “யாரு கேட்டா உன்னை?” என்றார். “நான் கேட்டேனா? செஞ்சு குடுத்துட்டு, தினம் எதிர்ல உட்கார்ந்து என் வாயையே பார்க்கிற. நான் ஒரு வார்த்தை பேசினா உன் முகத்துல ஒரு திருப்தி. ஒரு வாய் சாப்பிட்டா ஒரு திருப்தி. அதைப் பார்த்துக்கிட்டு என்னால உட்கார முடியலை.”

அவள் கத்திச் சுருட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அவர் குத்துகிற இடம் எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. காலையிலிருந்து இருட்டும் வரை நின்றபடியே கண்ணாடிகளைத் துடைத்து அடுக்க வேண்டும். கால் வீங்கிற்று. நர்ஸ் படிப்பில் சேர இடம் கிடைத்திருந்த மகள் அதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். அதைப் பற்றி அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை.

நான்கு மாதம் போயிற்று. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மருந்துக் கடையில் வரிசையில் நிற்கும்போது முன்னால் அந்த ஊளைக் குரல் கேட்டது. சாணைதான். சட்டை தோளிலிருந்து தொங்கியது. புண் ஆற ஆற வாயின் உள்பக்கம் சுருங்கும், சுருங்கச் சுருங்கத் தட்டைத் திருத்த வேண்டும். திருத்துகிறவள்தான் கூடத்தில் இல்லையே. மருத்துவமனைப் பதிவையும் அவர் எப்போதோ விட்டுவிட்டிருந்தார். கடைக்காரப் பையன்கள் புரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மெழுகக்காவுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாள். ஒரு அடி பின்னால் எடுத்தும் வைத்தாள். பிறகு முன்னால் போய், “வலி மாத்திரை கேட்கிறார். முழுங்க முடியாது, கரையறது வேணுமாம்” என்று சொன்னாள்.

அவர் அவளைப் பார்த்தார். மருந்தை வாங்கிக்கொண்டு நடந்தார். அவள் பின்னாலேயே போனாள்.

மகளிடம் அதைச் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

“உனக்கு அந்த ஆள் தேவைப்படுறாரும்மா” என்றாள். “அவரு இல்லைன்னா நீ நல்லவள்னு உனக்கு எப்படித் தெரியும்?”

சாணையின் அறை ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு நாற்காலி. கெண்டியிலும் கதவுக் கைப்பிடியிலும் முகம் பார்க்கலாம். அப்படித் துடைத்து வைத்திருந்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவள் அங்கே போவாள். டாக்டரிடம் கேட்டு வாங்கிய மெத்துப் பசையைத் தட்டின் குமிழில் தடவி, அவர் வாயில் வைத்து அழுத்திப் பிடித்து, இறுகியதும் எடுத்து ஓரங்களை அரத்தால் ராவுவாள். போய் நின்ற முதல் நாளே வெளியே போகச் சொன்னார். மறு ஞாயிறு கதவைத் திறந்துவிட்டுத் திரும்பி நடந்தார். அவ்வளவுதான் அவர் கொடுத்த இடம். தட்டு பொருந்தியதும் பேச்சு வரும். பேச்சு வந்ததும், உன் கை ஜில்லென்று இருக்கிறது, உன் சேலையில் கடை நாற்றம் அடிக்கிறது, உன் மகள் உன்னைப்போல அசடாக இருக்கமாட்டாள் என்று தொடங்கிவிடுவார். வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. நோய் திரும்பிவிட்டது என்று டாக்டர் அவளிடம் சொன்னதும் அந்த நாட்களில்தான்.

போதகருக்கு எப்படியோ விஷயம் எட்டியது. அடுத்த ஞாயிறு சபை முன் எழுந்து நின்று, தேவன் தன்னை நடத்தியதைச் சாட்சியாகச் சொல்லும்படி கேட்டார். அவள் தயங்கினாள்.

“ஐயா, அவர் மாறலை” என்றாள்.

“அவர் மாறாட்டியும் நீங்க மாறியிருப்பீங்கம்மா” என்றார் போதகர். நல்ல மனிதர், அன்போடுதான் சொன்னார். அவள் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை யோசித்தாள். மாறித்தான் இருந்தாள். முன்பு ஜெபிக்கும்போது நெஞ்சில் ஏதோ இளகும். இப்போது வாய் மட்டும் அசைந்தது. அவர் நல்லபடி ஆக வேண்டும் என்று கேட்கும்போதே, சீக்கிரம் முடிந்தால் போதும் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை அடக்க அவளிடம் தெம்பு இல்லை. சாட்சி சொல்ல அவள் எழுந்திருக்கவில்லை.

கடைசி ஞாயிறு அவள் போனபோது அறையில் வேறு வாடை. அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். புதிதாக வளர்ந்தது தட்டு இருக்க வேண்டிய இடத்தை நிறைத்திருந்தது. இனி அதை எப்படி ராவினாலும் உள்ளே போகாது. தெரிந்தும் இரண்டு தடவை வைத்துப் பார்த்தாள். இரண்டாம் தடவை ரத்தம் வந்தது. அவர் அவள் கையைத் தட்டிவிட்டார். மருத்துவமனைக்குப் போகலாம் என்றாள், வண்டி கூப்பிடுகிறேன் என்றாள். தலையை ஆட்டி மறுத்தார். பிறகு கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்து எழுதி நீட்டினார். கையெழுத்து இன்னும் முத்து முத்தாகத்தான் இருந்தது. போ என்று எழுதியிருந்தது.

“தனியா எப்படி அண்ணே?” என்றாள்.

அவர் அதே வார்த்தையின் கீழே கோடு போட்டுக் காட்டினார்.

அவள் தண்ணீரும் மாத்திரையும் எட்டுகிற இடத்தில் வைத்தாள். கீழ்வீட்டுக்காரரிடம், அடிக்கடி ஒரு பார்வை பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள். வெயில் அடித்தது. பஸ் நிறுத்தம் வரை நடக்கும்போது கால் வலிக்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். திங்கள் காலை கீழ்வீட்டுக்காரர் போன் செய்து, முடிந்துவிட்டது என்றார். ராத்திரி எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று மதியமே நடந்த அடக்கத்துக்கு நான்கு பேர் வந்தார்கள். முதலாளி, கீழ்வீட்டுக்காரர், மெழுகக்கா, பிறகு எங்கிருந்தோ வந்து சேர்ந்த சாணையின் மகன். அப்படி ஒரு மகன் இருப்பதே அன்றுதான் அவளுக்குத் தெரியும். நாற்பது வயதிருக்கும். முகச்சவரம் செய்து, சுத்தமான சட்டை போட்டு, வேலை முடித்துவிட்டுக் கிளம்பக் காத்திருக்கும் ஆளைப்போல நின்றான். முதலாளி அவளைப் பார்த்துக் கையைக் கூப்பிவிட்டு, மண் போட்டதும் போய்விட்டார். மகன் அவளிடம் வந்து யார் என்று கேட்டான். கூட வேலை பார்த்தவள் என்றாள். கீழ்வீட்டுக்காரர்தான் மிச்சத்தைச் சொன்னார்.

இருவரும் எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தார்கள். அவன் டீயை ஆற்றிக் குடித்தான்.

“எங்கம்மாவும் உங்களை மாதிரிதான்” என்றான் பிறகு. “சபைக்குப் போக மாட்டாங்க, சாமி கும்பிட மாட்டாங்க. ஆனா பொறுத்துக்கிட்டாங்க. இவரு எதைச் சொன்னாலும் தலையைக் குனிஞ்சுக்குவாங்க. நாற்பத்து நாலு வயசுல போயிட்டாங்க. அப்புறம் நான் பொறுத்துக்கிட்டேன், கொஞ்ச காலம். அப்புறம் நீங்க.” அவன் டம்ளரை மேசையில் திருப்பினான். “உங்களைக் குத்தம் சொல்லலை. ஆனா ஒண்ணு தோணுது. நாம யாராவது ஒருத்தர் பொறுத்துக்காம இருந்திருந்தா, அவரு மனுஷனா ஆகியிருப்பாரோ என்னவோ.”

அவள் பதில் தேடினாள். சபையில் கேட்ட பதில்கள் நாலைந்து நினைவுக்கு வந்தன. எல்லாம் நல்ல பதில்கள்தான். எதையும் அவன் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்ல முடியவில்லை.

“தெரியலைப்பா” என்றாள்.

அவன் தலையசைத்தான். வேறு பதிலை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. அறையைக் காலி செய்ய ஆள் சொல்லியிருப்பதாகவும், அவளுக்கு அங்கிருந்து ஏதாவது வேண்டுமா என்றும் கேட்டான். வேண்டாம் என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது மகள் துணிக்கடையிலிருந்து திரும்பியிருந்தாள். அம்மாவின் வீங்கிய காலைப் பார்த்து, வாளியில் வெந்நீர் கொண்டு வந்து வைத்தாள். மெழுகக்கா காலை விட்டபடி நடந்ததை எல்லாம் சொன்னாள். அந்த மகன் கேட்டதையும் சொன்னாள். இதே கேள்வியை வேறு வேறு வார்த்தையில் வருஷக்கணக்கில் கேட்டவள் மகள். நான் அப்பவே சொன்னேனே என்பாள் என்று மெழுகக்கா எதிர்பார்த்தாள். அவள் சொல்லவில்லை.

“அழுதியாம்மா?”

“இல்லை. நிம்மதியா இருக்கு” என்றாள் மெழுகக்கா. “நேத்து அவரு போன்னு எழுதினப்பவே நிம்மதியாத்தான் இருந்துச்சு.”

“அதுல என்ன தப்பு?”

“தப்பில்லைன்னு நீ சொல்லுவ. போதகர்கிட்ட சொன்னா அவரும் சொல்லுவாரு.” அவள் வெந்நீருக்குள் விரல்களை மடக்கினாள். “பன்னிரண்டு வருஷம் ஆகப்போகுது. அந்த மனுஷன் மேல ஒரு துளி பிரியம் எனக்கு வரலைடி. வரும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன். வரவே இல்லை. வெறுமனே பொறுத்துக்கிட்டேன். அது அவருக்குத் தெரியும்.”

மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெந்நீருக்குள் கையை விட்டு அம்மாவின் காலைத் தேய்த்துவிட்டாள். பிறகு மகள், காலையில் சீக்கிரம் கடை திறக்க வேண்டும் என்று எழுந்து போனாள். மெழுகக்கா வெந்நீர் ஆறிய பிறகும் காலை எடுக்கவில்லை. ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினாள். யாருக்காக, எதை என்று தெரியாமல் திறந்துவிட்டாள்.